அவினாசி தாண்டியாச்சு

மங்கலத்துத் தறிக்குடோன்காரர் தண்டாயுதபாணிக்கு உட்காரத் தெரியாது. தெரியாது என்றால் நிஜமாகவே தெரியாது. சலூனில் பாதி முடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே துண்டோடு எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வருகிற ஆள். பந்தியில் பாயசம் வருவதற்குள் கை கழுவிவிடுவார். குடோனில் ஒரு தறியில் நூல் அறுந்தால், தறி ஓட்டுகிற ஜெபக்குமார் போய்ச் சேர்வதற்குள் இவர் அங்கே ஓடி நிற்பார். ஜெபக்குமார் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், வாய் சும்மா இருக்காது. "மொதலாளி, நீங்க ஓடுத ஓட்டத்தைப் பாத்தா தறிக்கே மூச்சு வாங்குது" என்பார். அதைக் கேட்டுச் சிரிக்கக்கூட இவர் நிற்க வேண்டுமே.

இந்த அவசரத்தில்தான் ஒரே தங்கை இந்துமதியோடு பேச்சு நின்று போனது. அவள் சேவூரில் புதுவீடு கட்டிக் குடிபோன அன்று, அண்ணன் கையால்தான் முதல் விளக்கு ஏற்ற வேண்டும் என்று வைத்திருந்தாள். ஐயர் வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. இவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். அப்புறம், "மதிக்காத ஊட்டுல நமக்கென்ன வேலை" என்று சபையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, கொண்டுபோன சீர்த்தட்டைக்கூட இறக்காமல் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். தங்கை வாசலில் நின்று அழுதது கண்ணாடியில் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளேதான் கூப்பிட்டாள். "நித்தீசுக்கு இங்க சேவூர்க் கோயில்ல காது குத்தறமுங்ண்ணா. மடி உங்களுதுதான். வந்துருங்க." அவ்வளவுதான் பேசினாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் வரவில்லை என்றால் பங்காளி யாராவது ஒருத்தர் மடியில் வைத்து முடித்துவிடுவார்கள். அப்படி ஒரு தடவை ஆகிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படி ஏறுவது? தண்டாயுதபாணி முதல்நாள் ராத்திரி தூங்கவே இல்லை.

விடிந்ததும் மனைவி சுப்புலட்சுமி பட்டுச்சேலை கட்டி, சீர்த்தட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கிவிட்டாள். கார்புரேட்டர் காலத்துப் பழைய வெள்ளைக் கார். உள்ளூருக்கு மொபெட் போதும் என்று ஐப்பசியிலிருந்து அதைத் தொடவே இல்லை. சாவியைத் திருகினார். செல்ஃப் மோட்டார் கிர்ர் என்று சுற்றியது. என்ஜின் ஒரே ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. சோக்கை இழுத்துத் திருகினார். அதே இருமல், அதே நிறுத்தம்.

"வாடகைக் காரு சொல்லிரலாமுங்களா?" என்றாள் சுப்புலட்சுமி.

சொல்லிப் பார்த்தார்கள். தை மாசத்து முகூர்த்த நாள், எல்லா வண்டியும் போய்விட்டது. ஒரே ஒரு டிரைவர் மட்டும், "அரை மணி நேரம் பொறுங்க, வந்தர்றேனுங்க" என்றார். "அரை மணி நேரமா? அதுக்குள்ள நான் சேவூரே போயிருவேன், வேண்டாம் போ" என்று போனை வைத்தார் தண்டாயுதபாணி. அந்த மகராசன் அன்றைக்குச் செய்த முதல் காரியம் அது.

பானெட்டைத் தூக்கினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். பேட்டரியாகத்தான் இருக்கும் என்று முனைகளைக் கழற்றி, குடோனிலிருந்து ஒரு கை பனியன் வேஸ்ட்டை, அதாவது பனியன் கம்பெனிக் கழிவுத்துணியை, எடுத்து வந்து துடைத்து மாட்டினார். செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது பேட்டரியைச் சந்தேகப்படுவானேன் என்று கேட்க அங்கே ஆளில்லை. அடுத்து பெட்ரோல். கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயைப் பிடுங்கிவிட்டு, சுப்புலட்சுமியைச் சாவி திருகச் சொன்னார். பெட்ரோல் பீச்சிக்கொண்டு வந்து வேட்டியில் விழுந்தது. சரி, பெட்ரோல் இருக்கிறது. குழாயை மாட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினார். ஈரமாக இருந்தது. அதையும் வேஸ்ட்டால் துடைத்து, என்ஜின் உடம்பில் ஒட்டவைத்துத் திருகச் சொன்னார். பளிச்சென்று நீலமாகப் பொறி விழுந்தது. கரண்டும் இருக்கிறது. பெட்ரோல் வருகிறது, பொறி விழுகிறது, செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் மட்டும் ஓட மாட்டேன் என்கிறது. தண்டாயுதபாணிக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுவதற்கு நேரமில்லாததால் பிளக்கை மாட்டிவிட்டு டயரை ஒரு உதை விட்டார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இந்துமதி.

"எங்கீங்ண்ணா வந்துட்டிருக்கறீங்க? ஆசாரி வந்துட்டாருங்க."

"வந்துட்டே இருக்கறேன் அம்மிணி. அவினாசி தாண்டியாச்சு."

மங்கலத்து வாசலில் நின்றுகொண்டு, பாதி வழியில் இருக்கிற ஊரைச் சொன்னார். சொல்லி வாயை மூடவில்லை, உள்ளே உட்கார்ந்திருந்த சுப்புலட்சுமி சாவியைத் திருகினாள். கிர்ர்ர். தண்டாயுதபாணி கையை ஆட்டி ஆட்டி நிறுத்தச் சொன்னார். "சரிங்ண்ணா. பையப் பாத்து வாங்க" என்று இந்துமதி வைத்துவிட்டாள்.

"எதுக்குங்க இந்தப் பொய்யி? கார் எடுக்கலீன்னு சொன்னா என்னவாம்?"

"சொன்னா நம்புவாளா? வரக்கூடாதுன்னே சாக்குச் சொல்றேன்னு நெனைக்க மாட்டாளா?"

"அப்ப மொபெட்டுல போலாமுங்க. தட்ட நான் மடியில வெச்சுக்கறேன்."

"தாய்மாமன் சீரோட மொபெட்டுல போய் எறங்கறதா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

நாலு பேரும் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். பங்காளிகளில் யார் யார் வந்திருப்பார்கள், யார் மடியை நீட்டுவார்கள் என்று மனசு ஒவ்வொருத்தராக எண்ணிக்கொண்டே இருந்தது. காரைச் சுற்றி வந்தார், சுற்றி என்றால் முன்பக்கமே இங்கும் அங்கும். கடைசியில், "தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்" என்று கத்தினார். ஜெபக்குமார் தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். சுப்புலட்சுமியும் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

குனிந்து கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏனுங்க, சைலன்சருக்குள்ள இதென்னங்க ஆரஞ்சுக் கலரு?"

விரலை விட்டு இழுத்தாள். பனியன் துணி. இழுக்க இழுக்கச் சுருண்டு கயிறாக வந்துகொண்டே இருந்தது. கீழே ஒரு குவியலே சேர்ந்துவிட்டது.

திருப்பூர்ப் பக்கத்தில் எந்த ஓட்டையைப் பார்த்தாலும் அதில் பனியன் வேஸ்ட் அடைத்திருக்கும். சன்னல் இடுக்கு, தண்ணீர்க் குழாய், சுவரில் ஆணி அடித்த பொத்தல், எதற்கும் அதுதான். ஐப்பசி மழையில் எலி காருக்குள் புகுந்துவிடும் என்று தண்டாயுதபாணி கையில் கிடைத்த வேஸ்ட்டைச் சைலன்சரில் திணித்து, உடைந்த தறிக்குச்சி ஒன்றால் உள்ளே இடித்தும் விட்டிருந்தார். பாதியில் எங்கோ நூல் அறுந்தது. ஓடியவர் அடைத்ததை மறந்தே போனார். புகை போக வழியில்லாமல் என்ஜின் எப்படி ஓடும்?

"யாரு மொதலாளி இப்பிடி அடைச்சது?" என்றார் ஜெபக்குமார். சுப்புலட்சுமி புருஷனைப் பார்த்த பார்வையில் பதில் இருந்தது.

சாவியைத் திருகியதும் மிச்சமிருந்த துணி பட்டென்று வெளியே பறந்து விழுந்தது. என்ஜின் ஓடியது. முகூர்த்த நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

வழியெல்லாம் தண்டாயுதபாணி ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினார். நிஜமாகவே அவினாசி தாண்டியபோது, "போச்சு சுப்பு, எல்லாம் போச்சு" என்று மட்டும் சொன்னார். திரும்பிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அன்றைக்கும் அப்படித்தானே திரும்பினோம் என்று நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

கோயிலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் ஆசாரி கம்மலைத் தாளில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இந்துமதி நின்றிருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய நித்தீஷ் அழுது ஓய்ந்து அவள் தோளில் தூங்கிப்போயிருந்தான். காது இன்னும் வெறும் காதாகத்தான் இருந்தது.

அவள் மாமியார் மயிலாள் பந்தியிலிருந்தே குரல் கொடுத்தாள். "வாங்க தம்பி. அவினாசில இருந்து வர இவ்வளவு நேரமாங்களா? பங்காளி மடியில வெச்சரலாம்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன்."

"ரோட்டுல ஒரே கூட்டமுங்கத்தை. நாந்தான் சொன்னேனுங்களே" என்றாள் இந்துமதி, அண்ணன் வாயைத் திறப்பதற்குள்.

பிள்ளையை மாற்றிக் கொடுக்கப் பக்கத்தில் வந்தவள் அவருடைய கரிப்பிடித்த கையைப் பார்த்தாள். "போன்லயே செல்ஃப் சத்தம் கேட்டுச்சுங்ண்ணா" என்றாள் மெதுவாக.

தண்டாயுதபாணி கையை வேட்டியில் துடைத்தார். "அப்பறம் ஏன் அம்மிணி கேக்கலை?"

"கேட்டிருந்தா கோவிச்சுட்டுப் போனை வெச்சிருப்பீங்க. அப்பறம் வந்திருக்க மாட்டீங்க."

அவர் மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் கிடத்தினார்கள். ஆசாரி குனிந்து பார்த்தார். "தூக்கத்துல குத்துனா பயந்துக்குமுங்க. தானா முழிக்கட்டும்."

பந்தி முடிந்தது. அடுத்த பந்தியும் முடிந்தது. கால் மரத்துப்போனது. மூக்கில் பெட்ரோல் வாடையும் சந்தன வாடையும் மாறி மாறி வந்தன. தூரத்தில் நின்ற சுப்புலட்சுமி இவரையே நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிச்சு ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துருங்ண்ணா. பையன நான் வெச்சுக்கறேன்" என்றாள் இந்துமதி.

"இருக்கட்டும் அம்மிணி" என்றார் தண்டாயுதபாணி. "பையன் முழிக்கட்டும்."