‘விளக்கிருக்கும்’ என்று பாடிய வசந்தா அக்கா

இன்றைக்குக் காலையில் கம்பெனி பஸ்ஸில் பாட்டு ஓடவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

சுங்குவார்சத்திரத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "வசந்தாக்கா போயிடுச்சும்மா. விடிகாலைல நெஞ்சு வலியாம்."

வசந்தா அக்கா… ஒரகடத்தில் கம்பெனி கேன்டீனில் என்னோடு தட்டு கழுவியவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் பத்தாவதைப் பாதியில் விட்டவள், போன வருஷம் பதினெட்டு முடிந்ததும் இங்கே சேர்ந்தேன். முதல் நாளிலிருந்து பக்கத்துத் தொட்டி அவருடையது.

எங்கள் பஸ்ஸில் அடிக்கடி ஒரு பழைய சினிமாப் பாட்டு வரும். இந்தப் பக்கத்தில் கல்யாண மண்டபம், டீக்கடை, ஷேர் ஆட்டோ என்று எல்லா இடத்திலும் ஓடும். ஒரு பெரிய பாடகி பாடியது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அது ஓடிக்கொண்டிருந்தபோது, அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "இது நான் பாடுனது."

பஸ்ஸே சிரித்தது.

"அப்டின்னா மியூசிக் போட்டது நான்தான்," என்றார் டிரைவர் அண்ணன். பேக்கிங் லைன் மஞ்சு பின் சீட்டிலிருந்து, "இன்னாக்கா, தட்டு கழுவுற கேப்ல போய் பாடிட்டு வந்தியா?" என்றாள்.

அன்றிலிருந்து அவருக்குப் பெயரே ‘பாடகி’ ஆகிவிட்டது. "பாடகி வந்துட்டாங்க, வழி வுடுங்க." "பாடகிக்கு ஸ்பெஷல் டீ ஒண்ணு."

அன்று மதியம் தொட்டி அருகில் எனக்கு மட்டும் சொன்னார். 1991-இல் அவருக்குப் பதினேழு வயது. கல்யாணக் கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்தார். மெட்ராஸ் கேசட் கம்பெனிக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போய், அப்போது வந்த ஒரு படத்தின் பாட்டுகளை இவரைப் பாட வைத்துப் பதிவு செய்திருக்கிறார். ஒரிஜினலைவிட விலை குறைந்த கேசட். அட்டையில் ஹீரோ ஹீரோயின் படம் மட்டும், பாடியவர் பெயர் கிடையாது. பஸ் ஸ்டாண்டுகளில் ஜனங்கள் வாங்கியது அதைத்தான். அதுவே ஒரிஜினல் என்று நினைத்துக் கேட்டார்கள். பிறகு யாரோ கேசட்டிலிருந்து பென் டிரைவுக்கு ஏற்றியதும் அதைத்தான்.

"வூட்ல யாருக்கும் தெரியாது. கச்சேரில பாடுன பொண்ணுன்னா கட்டிக்க மாட்டாங்கன்னு எங்கம்மா மறைச்சிடுச்சு. என் கல்யாணத்துக்கே ஸ்பீக்கர்ல இந்தப் பாட்டதான் போட்டாங்க. எங்க வூட்டுக்காரரு கேட்டுகினே இருந்துட்டு, 'இன்னா கொரலுடி அந்தம்மாவுக்கு'ன்னாரு. நான் தலையக் குனிஞ்சிகினு உக்காந்திருந்தேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும் போல.

"போன்ல ஒரிஜினல தேடிக் கேளு. 'விடியும் மட்டும் விழித்திருக்கும்'னு வரும். ரேடியோவக் கேட்டு எனக்கு எழுதிக் குடுத்தவரு தப்பா எழுதிட்டாரு. நான் 'விளக்கிருக்கும்'னு பாடிட்டேன்."

தேடிக் கேட்டேன். வேறு குரல். ‘விழித்திருக்கும்’ என்றுதான் வந்தது.

சின்ன வயதிலிருந்து நான் பாடியது, எங்கள் தெருவே பாடுவது, ‘விளக்கிருக்கும்’. அந்தப் பெரிய பாடகிதான் தப்பாகப் பாடுகிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்…

அக்கா ஈரக் கையோடு நின்று அந்த வரியை மெதுவாகப் பாடிக் காட்டினார். பஸ்ஸில் கேட்கிற அதே குரல். கொஞ்சம் உடைந்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வாரம் மறுபடி பஸ்ஸில் அந்தப் பாட்டு. மஞ்சு விடவில்லை. "பாடகி, நீதான் பாடுனேன்னு சொல்றதுக்கு சாட்சி யாருனா கீறாங்களா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் பையின் ஜிப்பைத் திறந்து எதையோ தேடினேன். ஒரு வார்த்தை போதும். நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம்… அதெல்லாம் ஒரு காரணமா?

"யாரும் இல்லம்மா," என்றார் அக்கா. "சும்மா தமாஷுக்கு சொன்னேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இறங்கும்போது எப்போதும் போல என் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு தொட்டிப் பக்கம் அவர் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கூட நான் கேட்கவில்லை.

இதை இங்கே ஃபேஸ்புக்கில் எழுதுவது சுலபம். பஸ்ஸில் வருகிறவர்கள் யாரும் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இல்லை. அக்கா வீட்டு ஆட்களும் அதில் இல்லை.

இன்று கேன்டீன் சார்பில் அஞ்சலி பேனர் வைக்கலாம் என்று முடிவானது. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். "நீதான் போன்ல தமிழ் நல்லா அடிப்ப. மேட்டர் ரெடி பண்ணி பிளெக்ஸ் கடைக்கு அனுப்பிடு. அதுக்கு முன்னாடி அவங்க பொண்ணுக்கு ஒருதடவ காட்டு."

‘பாடகி வசந்தா’ என்று அடித்தேன். யாரும் சிரிக்க முடியாத ஒரு இடத்தில் அந்தச் சொல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அக்காவின் மகளுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. பின்னால் அழுகைச் சத்தம்.

"செத்தப்புறமுமா எங்கம்மாவ கிண்டல் பண்ணுவீங்க? அந்தப் பேர சொல்லிச் சொல்லி… வூட்டுக்கு வந்து எவ்ளோ அழுதுகினு இருந்துச்சு தெரியுமா உங்களுக்கு?"

இல்லக்கா, உங்க அம்மா நிஜமாவே பாடினவங்க… மனதுக்குள் முழுசும் இருந்தது. வருஷம், கேசட், அந்தத் தப்பான வார்த்தை, எல்லாமே.

வாயில் வந்தது "சாரிக்கா" மட்டும்தான்.

அவர் போனை வைத்துவிட்டார்.

மன்னிச்சிடுங்க வசந்தாக்கா. போயிட்டு வாங்க.

‘பாடகி’யை அழித்தேன். ‘வசந்தா, கேன்டீன் ஊழியர்’ என்று மாற்றி, பிளெக்ஸ் கடைக்கு அனுப்பினேன்.