விரிசலை அளந்தவள்

ஊருக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. அதன் இரு பக்கமும் அடித்த இரும்பு முளைகளுக்கு நடுவே, தினமும் காலையில் டேப் பிடித்து அளப்பவள் தையல்காரி. அளப்பதற்கென்று ஊர் கூடிப் பதினோரு பேரை ஒரு குழுவாகத் தேர்ந்தெடுத்திருந்தது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் பத்துப் பேருக்கு வேறு வேலை வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

முழங்கால் வலியோடு ஏறுவாள். அளப்பாள். தண்ணீர் வடியும் கால்வாயில் அடைத்திருக்கும் இலைதழையை வாரிப் போட்டுவிட்டு, இறங்கி வந்து மெஷினில் உட்காருவாள். போன வருடம் இரண்டு முறை, மலை சரியப்போகிறது என்ற அவள் பேச்சைக் கேட்டு மேலத்தெருவே பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தது. மலை அசையவில்லை. அன்றிலிருந்து அவள் பெயர் ‘புரளியக்கா’.

இந்த வருடம் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் மத்தியானம் சந்தேகப்பட்டு மறுபடி ஏறிப் பார்த்தாள். காலையில் இருந்ததைவிட விரிசல் நாலு விரல் அகன்றிருந்தது. மூச்சிரைக்க இறங்கி வீடு வீடாகத் தட்டினாள். முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசி வீடு கொழுந்தனுடையது.

“உங்களுக்கு வேற பொழப்பே இல்லையா அண்ணி? போன தடவை கொசுக்கடியில தூங்கினது போதாதா?”

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. ஈரச் சேலையோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீ வராட்டி போ. நானும் இங்கயே இருக்கேன். இனிமே என்னால நடக்க முடியாதுப்பா.”

அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். “அக்காவை இப்படி உட்கார வச்சிட்டு உள்ள எப்படிங்க இருக்கிறது?”

“எல்லாம் என் தலையெழுத்து. எழுந்திரிங்க,” என்று கொழுந்தன் அவளுக்குக் கை கொடுத்தான்.

பள்ளிக்கூட வாசலை எட்டும்போது, பின்னால் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டியதுபோல் சத்தம். மேலத்தெருவில் ஐந்து வீடுகள் மண்ணுக்குள் போயின. கொழுந்தன் வீட்டில் கூரைகூடத் தெரியவில்லை. ஆள் யாரும் சாகவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்த அதிகாரிகள், விரிசலை அளக்கும் குழுவில் யார் யார் என்று கேட்டார்கள். பத்துப் பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். சுவரில் சாய்ந்திருந்த தையல்காரி கண்ணைத் திறக்கவில்லை. “அவங்களே நிக்கட்டும். என்னை விடுங்க.”

சரிந்தது போக மிச்சமிருந்த சரிவில் புதிதாக முளை அடித்தார்கள். கொழுந்தன் வந்து டேப்பைக் கேட்டான்.

“ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரி இறுக்காதே,” என்று கொடுத்தாள்.

அந்த வாரம் கால்வாய் வெட்டப் பத்தொன்பது பேர் போனார்கள். எத்தனை நாளைக்குப் போவார்கள் என்று அவளுக்குச் சந்தேகம்தான். கதவைச் சாத்திக்கொண்டு, பகல் முழுவதும் தூங்கினாள்.