பாவற்காய்க் கறியும் என் வலது கையும்

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் சமையற் குசினிக்கு நான் பொறுப்பாக இருந்தபோது, அளவெட்டி நாதஸ்வர வித்துவான் ஒருவர் வயிற்றுப் பொருமலுக்குத் தங்கி வைத்தியம் பெற வந்தார். வயிறு பொருமினால் மூச்சுப் பிடித்து வாசிக்க இயலாது. ஊர்க் கோயிற் கொடியேற்றத்துக்கோ மூன்று வாரமே இருந்தது.

பால், கோதுமை, சாப்பாட்டில் சேர்க்கும் சீனி ஆகியவற்றை நிறுத்தி, பொருமல் தணிந்தபின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதென்று டயட் எழுதப்பட்டது. மூன்று வேளையும் எங்கள் குசினிச் சாப்பாடு. அவர் நாள்தோறும் விரும்பிக் கேட்டது பாவற்காய்க் கறி.

பத்தாம் நாளும் பொருமல் தணியவில்லை. உணவு ஆலோசகரான மிஸ் அவரை விசாரித்தார்.

“ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. வெளியிலை தேத்தண்ணி ஏதும் குடிச்சனியளோ?”

“இல்லைப் பிள்ளை.”

“தேத்தண்ணியோடை கடிக்கிற பனங்கட்டியைக் கண்டால் உவர் விடுவாரே?” என்றார் அருகிலிருந்த மனைவி.

வித்துவானின் முகம் சுருங்கியது. “நாப்பது வருசமாச் சபையிலை வாசிக்கிறன். உந்தச் சீனிக்காகப் பொய் சொல்லுவனே?”

மிஸ் என் பக்கம் திரும்பினார். “அண்ணை, நீங்கள் கறிக்குச் சீனி போடுறனியளோ?”

“இல்லை மிஸ்.” மனமறிந்து நான் பொய் சொல்லவில்லை.

மறுநாள் பாவற்காய் வதக்கும்போது இடக்கை அகப்பையைப் பிடித்திருக்க, வலக்கை தானாகச் சீனிப் பேணிக்குள் போய் வந்தது. கைப்பு முறிய ஒரு சிட்டிகை. முப்பது வருடப் பழக்கம். அதைச் சீனி என்று என் மனம் ஒருநாளும் எண்ணியதில்லை. பக்குவம் என்றே எண்ணியிருந்தது.

சொன்னால் பத்து நாளும் வீண். சொல்லாவிட்டால் அவர் பொய்யர். அடுப்பை அணைத்துவிட்டு மேலே வித்துவானின் அறைக்குப் போனேன்; மிஸ்ஸும் அங்கிருந்தார்.

“மிஸ், சீனி போட்டது நான்தான்.”

மிஸ் வித்துவான் பக்கம் திரும்பினார். “சீனிதான் காரணமோ தெரியாது. ஆனால் இனி முதலாம் நாளிலையிருந்து தொடங்கவேணும். கொடியேற்றத்துக்கு வாசிக்கேலாது, ஐயா.”

வித்துவான் மனைவியைப் பார்த்து, “இப்ப கேட்டீரே?” என்றார். என்னிடம், “இண்டைக்குக் கைக்கக் கைக்கத் தாங்கோ” என்றார்.

கொடியேற்றத்துக்கு வேறொருவர் வாசித்தார்.

அதன்பின், என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் உடனே ‘இல்லை’ என்று நான் சொல்வதில்லை. அடுப்படிக்குத் திரும்பிப் போய், அந்த வேலையை இன்னொருமுறை செய்து, என் கையைப் பார்த்துவிட்டே பதில் சொல்வேன்.