குழாயைத் திறந்துவிட்டு

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டியவர். வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வேதனை இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று சொல்லி, பட்டினப்பாக்கம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தி.நகர் புடவைக் கடையில் லீவு சொல்லிவிட்டு நான் அவரோடு இருந்தேன்.

எதை வைத்தாலும் சாப்பிடுவார். "சூப்பரா கீதுமே" என்பார். கொஞ்ச நேரத்தில், குளித்துவிட்டு வருகிறேன் என்று பாத்ரூமுக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிடுவார். வெயிலுக்குக் குளிக்கிறார் என்றுதான் நினைத்தேன். மோட்டார் ரிப்பேராகித் தண்ணீர் நின்றுபோன அன்றுதான் கேட்டது. குடலே வெளியில் வந்துவிடுவதுபோல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தட்டினேன். "இன்னாய்யா இது? எத்தினி நாளா?"

வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஆசையா ஆக்கினு வர்ற. வேணாம்னா உன் மூஞ்சி தொங்கிடும்."

திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. தோளைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிப்போனேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டரம்மாவிடம், அவர் "ஒண்ணும் இல்ல மேடம்" என்று சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எப்போது வருகிறது, வந்த பிறகு குமட்டல் அடங்குகிறதா, வெளிக்குப் போகிறாரா என்று டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"வலி மருந்தாலயும் குமட்டும். அதுக்காக அதை நிறுத்திடாதீங்க. வாந்தி நிக்கிறதுக்கான மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா, அதுவும் சேர்ந்து வெளிய வந்துடும். அரை மணி முன்னாடி போடணும். வாந்தி வந்தாத்தான்னு இல்ல, தினமும்."

முதலில் மாத்திரை வயிற்றில் தங்கவே இல்லை. நர்ஸ் வந்து மேல்கையில் தோலுக்கடியில் மெல்லிய ஊசியைப் பொருத்தி, அதன் வழியாக மருந்து செலுத்தினார். குமட்டல் மெதுவாக அடங்கியது. பிறகு மாத்திரையும் வயிற்றில் தங்கியது.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டில் நெத்திலி வறுத்தார்கள். நான் பதறி ஜன்னலைச் சாத்த ஓடினேன்.

"ஏய், சாத்தாத. ரெண்டு வாங்கினு வாயேன்!"

ஆறவைத்து ஒன்று கொடுத்தேன். முள்ளோடு மென்று தின்றார். அவர் முகத்தையே பார்த்தபடி நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

வாந்தி முழுசாகவே நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் குமட்டும். ஆனால் ஒளிக்கவில்லை. "மே, வருது" என்று குரல் கொடுப்பார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவுவேன்.

மழைக்காலம் தொடங்கியபோது போய்விட்டார், அமைதியாக. கடைசி நாட்களில் ஐஸ் துண்டு மட்டும் சப்புவார். சாப்பாட்டு நேரமானால் என்னைக் கட்டிலருகே உட்காரச் சொல்வார்.

"எனக்கு வேணாம்மே. நீ துன்னு. கொயம்ப நல்லா ஊத்திக்க."

அவருக்காகவே இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொள்வேன்.