சந்தைக்குப் போனவளின் சாவி

வாசல் சாவியை நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டு ஏழு ஆறுகளை நீந்திக் கடந்தவள் எங்கள் தெரு உலோமா. சரி, ஆறு இரண்டுதான். அதிலும் ஒன்றில் முழங்கால் அளவே தண்ணீர். சாவியும் வாயில் இல்லை, இடுப்புத் துணி முடிச்சில் இருந்தது. நீளமான வாய்க்காரிகள் சொல்லும் கதையில் தண்ணீர் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் சாவி இருந்தது. அதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

உலோமா என்றால் எங்கள் மொழியில் நல்ல வீடு என்று பொருள். போர்ட் ஹார்கோர்ட்டில் அவளுக்கு நான்கு அறையும் தகரக் கூரையும் முற்றத்தில் ஒரு கிணறும் உள்ள வீடு இருந்தது. கட்டிய புருஷன், பிரிந்து தனி நாடாகப் போராடிய பியாஃப்ராவின் படைக்குப் போனான், போனவன் போனவன்தான். அறுபத்தெட்டு மே மாதம், நாலு நாளுக்கு ஒரு முறை வரும் நக்வோ சந்தை நாள். கூடையைத் தலையில் வைக்கப் போன நேரத்தில் நகரத்தின் மேல் குண்டு விழுந்தது. மூன்று வயது மகன் ஒகேசியை முதுகில் கட்டிக்கொண்டு, நாத்தனார் உகோயேயின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"எங்கடி ஓடறே?" என்று கத்தினாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சந்தைக்கு! சாயங்காலம் வந்துடுவேன்!"

அந்தச் சாயங்காலம் வர இருபது மாதம் ஆயிற்று.

காட்டில் பல்லியும் மரவள்ளி இலையும் தின்றார்கள். உப்பைப் பார்க்கவே இல்லை. ஒகேசியின் முடி செம்பட்டையானது, கால் வீங்கியது. அழாமல் இருக்க அந்தச் சாவியைக் கையில் கொடுப்பாள். எண்ணெய்ப் பனை மரத்தடியில் அவனைப் புதைத்த அன்று, ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

எழுபது ஜனவரியில் பியாஃப்ரா முடிந்தது. வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்றது வானொலி.

"அப்போ என் வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு நடக்கத் தொடங்கினாள் உலோமா.

இருந்தவர் தொன்யே வாத்தியார். ஆற்றுத் தீவுக்காரர், போரில் அவர் வீடும் எரிந்திருந்தது. அரசாங்கம் இந்த வீட்டை அவருக்கு ஒதுக்கியிருந்தது. சுவரில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்தார்கள்: கைவிடப்பட்ட சொத்து, எண் 212. வாத்தியார் தலை குனிந்துகொண்டே ஒரு குவளைத் தண்ணீர் நீட்டினார். குடித்துவிட்டு, "என் கிணறு சுகமாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாளே எதிர்ப்புறம் அடுப்புக் கூட்டினாள். உகோயே அரைத்த காராமணி மாவில் அகாரா பொரித்து விற்றாள். ஒவ்வொரு காலையும் தெருவைத் தாண்டிக் குரல் போகும்.

"வாத்தியாரே, என் வீடு நல்லாத் தூங்குச்சா?"

"தூங்குச்சு, ஒகேசி அம்மா. கூரைதான் கொஞ்சம் ஒழுகுது."

"ஒழுகாம? அஞ்சாவது தகரத்துல ஆணி தளர்ந்திருக்கும். ஏறி அடிங்க. வாடகை இல்லாம ஓசியில இருக்கீங்க, வீட்டையாவது பாத்துக்கங்க!"

வாத்தியாரும் அடிப்பார். பிறகு வந்து அகாரா வாங்கித் தின்பார்.

அந்த வருஷங்களில் எங்களைச் சுற்றியிருந்த ஊர்களே பெயரை மாற்றிக்கொண்டன. உமு என்று தொடங்கிய பெயர்கள் ருமு ஆயின. ஓர் எழுத்தை முன்னால் ஒட்டிக்கொண்டு, நாங்கள் பியாஃப்ராக் கூட்டம் இல்லை என்றன. "நீயும் ருலோமான்னு வச்சுக்கோயேன், வியாபாரம் நடக்கும்" என்றார்கள். "அகாரா ரகாரா ஆனா ருசி கூடுமா?" என்று கேட்டாள்.

பத்தாம் வருஷம் கோப்போடு ஓர் இளம் அதிகாரி வந்தான். கையெழுத்துப் போட்டால் நஷ்ட ஈடு உண்டாம். தெருவே அடுப்பைச் சுற்றிக் கூடிவிட்டது. நானும் அங்கேதான் இருந்தேன்.

"படிச்சுக் காட்டு, தம்பி."

"'மேற்படி வீட்டைக் கைவிட்டுச் சென்ற நான்...'"

"நிறுத்து. யார் கைவிட்டது?"

"அது சும்மா ஒரு வார்த்தைம்மா. எல்லாரும் போட்டுட்டாங்க."

"சும்மா வார்த்தைன்னா அடிச்சுட்டு, 'சந்தைக்குச் சென்ற நான்'னு எழுது. போடறேன்."

"அப்படி எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க."

உலோமா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் கைவிட்டது ஒண்ணே ஒண்ணு. அது பனை மரத்தடியில இருக்கு. அதுக்கு உன் தாள்ல கட்டம் இருக்கா?"

அதிகாரி தாளைப் பார்த்தான். கட்டம் இல்லை.

அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சாவியைத் தூக்கிக் காட்டினாள். "கைவிட்டவ எவளாவது பூட்டிச் சாவி எடுத்துட்டுப் போவாளா? நிலைக்கதவும் பூட்டும் என் புருஷன் வச்சது. வா, திறந்து காட்டறேன்!"

தெருவைக் கடந்தாள். பின்னால் அதிகாரி, அவனுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும். வாத்தியார் ஒதுங்கி நின்றார். சாவியைத் துளையில் விட்டாள். அது உள்ளே போய்ச் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி ஆடியது. வலப்பக்கம் திருப்பினாள், இடப்பக்கம் திருப்பினாள்.

"பூட்டை மாத்திட்டீங்களா, வாத்தியாரே?"

"சத்தியமா இல்ல, ஒகேசி அம்மா. அதே பூட்டுதான்."

 அதிகாரி மெல்லப் பேனாவின் மூடியைக் கழற்றினான். உலோமா சாவியை உருவி, முதல் முறை பார்ப்பவள் போலப் புரட்டிப் பார்த்தாள். அவளை நான் அப்படிப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு உகோயே வந்தாள், கையெல்லாம் காராமணி மாவு. எங்கள் ஊரில் அண்ணன் மனைவி நாத்தனாருக்கும் பொண்டாட்டிதான்.

"எங்க பொண்டாட்டி, அது கருவாட்டு அலமாரிச் சாவி" என்றாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "வாசக்கதவை நாங்க பூட்டவே இல்ல, தம்பி. சாயங்காலம் திரும்பி வர்றவ எவ பூட்டிட்டுப் போவா?"