பின்சீட் இல்லாத கார்

நாலந்தாவிலிருந்து மாத்தளைக்கு வரும் வழியில், பெரிய ரோட்டை விட்டு மேலே ஏறும் கொக்கோ தோட்டம் ஒன்றின் அடிவாரத்தில் எங்கள் வீடு. அப்பா அந்தத் தோட்டத்து லொறி டிரைவர். ஓய்வுபெற்ற பிறகு ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கி வாடகைக்கு ஹயர் ஓட்டினார். தொழிலாளர் லயத்தில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் அந்தக் கார்தான் போகும். கண்ணில் புரை வளர்ந்து ஆபரேஷன் செய்தும் ஒரு கண் சரிவராமல் போனபோது, சாவியைத் தம்பியின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். கையில் கொடுக்கவில்லை. அப்போது அவர்கள் இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை.

தம்பி உயர்தரப் பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு மாத்தளையில் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நான் டீச்சரானது போல அவனும் அரசாங்க வேலைக்குப் போவான் என்று அப்பா நம்பியிருந்தார். அதிலிருந்து எல்லாமே அம்மா வழியாகத்தான். "அவன சாப்பிடச் சொல்லு." "அவர மருந்து குடிக்கச் சொல்லுங்க." மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும்போதே இப்படி நடக்கும்.

காரை ரேஸுக்கு மாற்றப் போவதாகத் தம்பி சொன்ன அன்று, வீட்டில் பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அப்பா பீடியை அணைத்துவிட்டு நேராக அவனைப் பார்த்தார்.

"எவ்வளவு தூரம் ஓடணும்?"

"கால் மைல், ப்பா. நேர் ரோடு. ரெண்டு கார் பக்கத்துல பக்கத்துல நிக்கும். லைட் பச்சையானதும் எடுக்கணும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பிரேக்."

அப்பா சிரித்தார். அவனோடு பேசிச் சிரித்து எத்தனையோ வருடங்களாகியிருந்தன. சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

கொக்கோ காயவைக்கிற பழைய தகரக் கொட்டிலுக்குக் காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தம்பி கராஜ் விட்டு வந்ததும் இரண்டு பேரும் அங்கே இறங்கிவிடுவார்கள். வேகத்துக்கு முதல் எதிரி பாரம் என்றான் தம்பி. ஸ்பெயார் வீல், ஜாக், கதவின் உள்பலகைகள், தரைவிரிப்பு எல்லாம் வெளியே வந்தன. தரைத் தகரத்தில் ஒட்டியிருந்த கறுப்புத் தாரை அப்பா உளியால் சுரண்டி எடுத்தார். பக்கத்துச் சீட்டையும் பின்சீட்டையும் கழற்றச் சொன்னவரும் அப்பாதான். "ஓட்டுறவன் ஒருத்தன். மத்த சீட்டு யாருக்கு?" என்றார். கழற்றிய பின்சீட்டைச் சுவரோரம் போட்டு, சோபா மாதிரி அதில் உட்கார்ந்துகொள்வார்.

கேட், கிராதி செய்யும் வெல்டிங் பாஸ் ஒருவர் வந்து காருக்குள் இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்துவிட்டுப் போனார். கார் உருண்டால் கூரை நசுங்காமல் காக்கிற கூண்டு அது. தம்பி இன்ஜினுக்குப் பலம் கூட்டும் டர்போ பூட்டினான். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் பெரிய விசிறியைக் கழற்றி எறிந்தான். அது சும்மா பலத்தைத் தின்கிறதாம். "சூடாகாதா?" என்று நான் கேட்டேன். "ஓடி முடிஞ்சதும் நிப்பாட்டிருவோம்க்கா. சூடாக நேரமே இருக்காது" என்றான். சைலன்சரையும் எடுத்துவிட்டு ஒரு வெறும் குழாயைப் போட்டான். முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது கொட்டில் தகரம் அதிர்ந்தது. மேல் லயத்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். அப்பா காதைப் பொத்திக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

ஒரு நாள் தம்புள்ளைக்குக் கொண்டுபோய், மரக்கறி லொறி நிறுக்கிற தராசில் காரை ஏற்றிப் பார்த்தார்கள். கோவா மூட்டையோடு வரிசையில் நின்றவர்கள் கேலி செய்ததையும், தராசுக்காரன் "இத யாருக்கு விக்கப்போறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டதையும் அப்பா நாலைந்து நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் அவர் குரல் அவ்வளவு கேட்டதே இல்லை. அந்தக் காரை எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தக் குரலுக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தார். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அப்பா பொனட்டை அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது பின்சீட்டில் சாய்ந்திருந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

"நெஞ்சுல வாயு புடிச்ச மாதிரி இருக்கு, புள்ள" என்றார். சட்டை முழுக்க வியர்வை.

ஆம்புலன்சுக்கு அழைத்தேன். கிட்ட இருந்த வண்டி வேறொரு நோயாளியோடு கண்டிக்குப் போயிருந்தது, அடுத்தது வரக் கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். பக்கத்து வீட்டு த்ரீவீல் ஹயருக்குப் போயிருந்தது. அப்பா கையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு முனகத் தொடங்கிவிட்டார்.

"காருலயே போவோம்" என்றான் தம்பி.

அவர் சாய்ந்திருந்த சீட்டையே உள்ளே வைக்கப் பார்த்தான். குறுக்கே பற்றவைத்த குழாய் விடவில்லை. திருப்பித் திருப்பி இடித்துப் பார்த்துவிட்டு, சீட்டை மழைச் சேற்றில் வீசினான். வீட்டிலிருந்து இரண்டு பெட்ஷீட்டை எடுத்து வந்து வெறும் தகரத்தில் விரித்தோம். அப்பாவைக் குழாய்களுக்கு இடையில் வளைத்து நுழைக்க வேண்டியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கையால் குழாயைப் பிடித்தேன்.

தம்பி நன்றாக ஓட்டினான். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஈர ரோட்டில், அந்த அகல டயரோடு, ஒவ்வொரு வளைவிலும் அப்பா உருளாதபடி எடுத்தான். ஆனால் சத்தம்! காலுக்குக் கீழே தகரம் அலறியது. கல்லெல்லாம் அடியில் வந்து அடித்தது. அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது தெரிந்தது. குனிந்து காதை அவர் வாயருகே வைத்தேன். மூச்சின் சூடு மட்டும் காதில் பட்டது.

"சத்தத்தக் கொற!" என்று கத்தினேன்.

"என்ன?" என்று அவனும் கத்தினான்.

"அப்பா ஏதோ சொல்றாரு! கேக்கல!"

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். கொஞ்சம் குறைந்தது. அதற்குள் அப்பா வாயை மூடிவிட்டார். பிறகு திறக்கவில்லை.

பலாபத்வலைக்கு முன்னால் மண் சரிந்து, ஒரு பக்கமாகத்தான் வாகனங்களை விட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு வேன். விசிறி இல்லாத இன்ஜின் நின்ற இடத்திலேயே கொதித்தது. பொனட் இடுக்கில் ஆவி வந்தது. தம்பி ஸ்டியரிங்கைக் கையால் குத்தினான். பெரிய சீறல் ஒன்று கேட்டது, இன்ஜின் நின்றுவிட்டது. அப்போது வந்த அமைதியில் நான் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டது ரோட்டில் நின்ற எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர் இறங்கி ஓடி வந்தார். சிங்களவர். எதுவும் கேட்கவில்லை. அவரும் தம்பியும் பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேருமாக அப்பாவைத் தூக்கி லொறியின் முன்சீட்டில் வைத்தார்கள். நான் பக்கத்தில் ஏறி அவரைத் தாங்கிக்கொண்டேன், தம்பி பின்னால் மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டான். லொறிக்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுக்காமல் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

வரும்போதே உயிர் போயிருந்ததாக டொக்டர் சொன்னார். எந்த இடத்தில் போனது என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

அடக்கம் முடிந்த அன்றே தம்பி என்னிடம் கேட்டான். "அப்பா என்னக்கா சொன்னாரு?"

"கேக்கலடா. ஒனக்கே தெரியும்ல, அந்தச் சத்தத்துல."

"அவ்வளவு கிட்ட காத வச்சீங்களே. ஒரு சொல்லு கூடவா கேக்கல?"

மறுநாளும் கேட்டான். அதற்கடுத்த நாளும். சாப்பிடாமல் கொட்டிலிலேயே கிடந்தான். அம்மா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். "ஏதாவது சொல்லேன், புள்ள. அவன் மேல கோவமில்லனு சொன்னாருனு சொல்லேன். செத்தவரு வந்து இல்லனு சொல்லப்போறாரா?"

நான் சொன்னேன். கொட்டில் வாசலில் நின்று, "ஒம்மேல ஒரு கோவமும் இல்லைனு சொன்னாருடா. தைரியமா இருக்கச் சொன்னாரு" என்றேன்.

தம்பி எழுந்து உட்கார்ந்தான்.

"அப்பா அப்படியெல்லாம் பேச மாட்டாருக்கா" என்றான். "வேற என்னமோ சொல்லியிருக்காரு. என்கிட்ட சொல்ல முடியாத மாதிரி."

அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அவன் நம்பவில்லை. முன்பு சொன்னது பொய், உண்மையில் எதுவும் கேட்கவில்லை என்று சத்தியம் செய்தபோதும் தலையை மட்டும் ஆட்டினான்.

அப்பாவின் ஒரு மாதப் பூசை முடிந்த கொஞ்ச நாளில் ரேஸ் வந்தது. அனுமதி எடுத்து, ஒரு விமான ஓடுபாதையில் நடத்தினார்கள். அவன் போகமாட்டான் என்று நினைத்தேன். ரோட்டிலிருந்து இழுத்துவந்த காரில் வெடித்த தண்ணீர்க் குழாய்களை மாற்றி, கார் ஏற்றும் லொறி ஒன்றைப் பிடித்து, கிளம்பி நின்றான். அம்மா அவனைத் தடுக்கவில்லை. "கூடப் போயிட்டு வா" என்று என்னைத்தான் அனுப்பினார்.

கொளுத்தும் வெயில். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பச்சை விளக்கு விழுந்தது. இரண்டு காரும் பாய்ந்தன. எத்தனையோ மாத வேலை, நான் ஒரு தடவை மூச்சு விட்டு எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. தம்பி தோற்றான். பக்கத்திலிருந்த யாரோ, "நல்லா எடுத்தான், ரெண்டாவது கியர்ல விட்டுட்டான்" என்றார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே காருக்குள் உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே அந்தத் தகரத் தரை. யாரோ கழுவியிருந்தார்கள். அவனாகத்தான் இருக்கும்.

"இதுக்குத்தானாக்கா?" என்றான்.

தண்ணீர் போத்தலைக் கொடுத்தேன். குடித்தான்.

காரை அங்கேயே குருநாகல்காரர் ஒருவர் பார்த்துப் பேசி, அடுத்த வாரம் வந்து எடுத்துப்போனார். தம்பி அப்போது வீட்டில் இல்லை. அம்மாதான் சாவியைக் கொடுத்தார்.

இப்போது அவன் கட்டாரில், ஒரு பெரிய கட்டடத்தில் குளிரூட்டிகளைப் பார்க்கிற வேலையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவுக்கு வீடியோ கோல் எடுப்பான். கடைசியில் அம்மா போனை என் பக்கம் திருப்புவார். "எப்படிக்கா இருக்கீங்க? மழ பெய்யுதா?" என்பான். பெய்கிறது என்றோ இல்லை என்றோ சொல்வேன். பிறகு அம்மா, "சரி, அவன் தூங்கட்டும்" என்று போனை வாங்கிக்கொள்வார்.