குங்குமம் வைத்த ராடுகள்

இரும்பு ராடு கட்டி அனுப்பும் தொழிலில் கனம்கூடத் தொல்லையில்லை. எல்லா ராடும் ஒரே மாதிரி இருப்பதுதான் தொல்லை. கடினமானதும் மென்மையானதும் பார்வைக்கு ஒன்றே. முனையில் அடித்த பெயின்ட்தான் அடையாளம்: கடினத்துக்குச் சிவப்பு, மற்றதற்கு மஞ்சள். பகலில் பட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே தூங்கி, இருட்டினதும் வேலைக்குக் கிளம்பும் நைட் ஷிஃப்ட் இனத்தாருக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

திரும்பி வந்த லாரி

முசரவாக்கம் பக்கம் எங்கள் குடோன். ராடைத் தரம் பிரித்து, எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, தகரப் பட்டையால் இறுக்கி லாரியேற்றுவோம். யாரும் சொல்லித்தரவில்லை, பட்டை கையைக் கிழிக்கக் கிழிக்கக் கற்றது.

ஒருமுறை கோயம்புத்தூர் பம்பு கம்பெனிக்குப் போன சிவப்புக் கட்டுக்குள் மஞ்சள் சிலது புகுந்துவிட்டது. லாரி அப்படியே திரும்பி வந்தது. பின்னாலேயே காரில் வந்தார், அங்கே சரக்கைச் சோதிக்கும் ரங்கராஜன் சார். இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

“இன்னொருக்கா கலந்து வந்தா ஆர்டர் வேற ஊருக்குப் போயிருமுங்க. அப்புறம் நைட் ஷிஃப்ட் எதுக்கு? வீட்டுல நிம்மதியாத் தூங்குங்க.”

முனுசாமியின் பக்தி

அடுத்த லோடு ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் காலை கிளம்ப வேண்டும். முந்தின நாள் பொழுது சாய வந்ததும் முதலில் ராடைத்தான் பார்த்தேன். பூஜைக்குப் பெருக்க இடம் வேண்டுமென்று லோடிங் முனுசாமி இரண்டு வகையையும் ஒரே குவியலாக்கியிருந்தான். ஒவ்வொரு முனையிலும் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வேறு. எல்லாமே மஞ்சள், எல்லாமே சிவப்பு.

“இன்னாபா இது?”

“மிஷினுக்கு மட்டும் வெச்சா ராடு கோச்சிக்காதாண்ணே? ஒண்ணு வுடாம வெச்சிக்கீறேன்.”

பாக்கிங் மேரியக்கா குவியலைச் சுற்றி வந்தாள்.

“சாமி கும்புட்டது நீ, சிலுவ சுமக்கறது நானாடா?”

நூல் சேலை

கழுவிவிடலாம் என்று முனுசாமி தண்ணீர்க் குடத்தோடு வந்தான். தண்ணீர் பட்டால் விடிவதற்குள் துரு. அக்கா குடத்தைப் பிடுங்கி வைத்தாள். எப்படியும் எண்ணெய் தடவத்தானே போகிறோம்? பட்டு ஊரில் அன்று கைகொடுத்தது பழைய நூல் சேலைதான். எண்ணெயில் நனைத்துத் தேய்த்தோம். நிறம் போனால் சந்தனம் குங்குமம், போகாவிட்டால் பெயின்ட். ஒருவர் துடைத்ததை இன்னொருவர் பார்த்த பிறகுதான் கட்டினோம்.

கடைசிப் பட்டையை இறுக்கும்போது லாரி வந்து நின்றது. டிரைவர் எங்கள் சிவந்த கைகளைப் பார்த்தார்.

“ராத்திரி பூரா ராடு கட்டினீங்களா, தாலி கட்டினீங்களா?”

போன்

சரக்கு போய்ச் சேர்ந்து ரங்கராஜன் சார் போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டேன். எல்லாக் கட்டுகளையும் பிரித்துப் பார்த்தாராம். ஒன்றுகூடக் கலக்கவில்லை, ஆர்டர் நமக்கேதான். முனுசாமி விசிலடித்தான். அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். சார் இன்னும் முடிக்கவில்லை.

“ஒரே ஒரு ராடுல குங்குமம் ஒட்டியிருந்துச்சுங்க, நானும் கொஞ்சம் எடுத்து நெத்தியில வெச்சுக்கிட்டேன்.”

ஆகவே, இந்த வருஷமும் நான் ராத்திரியில் நிம்மதியாகத் தூங்கப்போவதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.